வெங்காயம் மணத்த இழைப்புளி

போன வாரம் மருமகள் புதுத் தோசைக்கல் ஒன்று வாங்கி வந்தாள். பழக்கித் தரட்டுமா என்று கேட்டேன். பழக்கியேதான் விற்கிறார்களாம். யார் வீட்டு அடுப்பில் பழகிற்றோ என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்வது எனக்கு என்றைக்குமே கஷ்டம். எழுதுவதென்றால் பரவாயில்லை, நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அஞ்சாங்கிளாசோடு நின்ற எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்குள் பழைய ஞாபகத்தில் அரை வெங்காயத்தை நறுக்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனைக்குப் பின்னாலேயே ஓர் இழைப்புளி வந்து நின்றது. தோசைக்கல்லுக்கும் மரம் இழைக்கிற சாமானுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது.

நான் கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்த சமயம், எழுபதுகளில், பக்கத்துக் காக்களூரில் தொழிற்பேட்டை ஷெட் ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றில் இரும்பு வார்ப்பதற்கு மர அச்சு செய்தார்கள். அச்சை மண்ணில் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அதுவரை நிலை, ஜன்னல் என்று செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அங்கே வேலை கேட்டுப் போனார். அவரவர் சாமானோடுதான் வரவேண்டும் என்பது அங்கே வழக்கம். இவருடைய மர இழைப்புளி அடி தேய்ந்துபோனது, பலகையில் கோடு போட்டுவிட்டது. மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்து, "அச்சுல கோடு இருந்தா இரும்புலயும் கோடு உழும்பா. வேற எத்துகினு திங்கக்கெழம வா" என்று அனுப்பிவிட்டாராம்.

புதிது வாங்க வழியில்லை. பழைய இரும்புக் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்தார். வெள்ளைக்காரன் காலத்து இரும்பு இழைப்புளி. துரு ஏறி உடம்பும் அலகும் ஒன்றாய் ஒட்டிக் கிடந்தது. என் மாமியார் அதைப் புரட்டிப் பார்த்து, "இது மரத்த சீவுமா, மரம் இத்த சீவுமாடா?" என்றார்.

என் வீட்டுக்காரர் சளைக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தட்டித் தட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். உடம்பு, அலகு, திருகு, மரக் கைப்பிடி எல்லாம் சாக்கின் மேல் பரத்தி வைத்துவிட்டு, அலகு தீட்டும் கல்லை இரவல் வாங்கப் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினார்.

அந்தப் பக்கம் அவர் போனார், இந்தப் பக்கம் மாமியாருக்குக் கை துறுதுறுத்தது. மகனுக்கு ஒத்தாசை செய்யத்தான். எங்கள் தெருவில் யார் தோசைக்கல் வாங்கினாலும் பழக்குவதற்கு அவரிடம்தான் வரும். அவர் கையில் பணியாத இரும்பு கிடையாது. இழைப்புளியின் உடம்பைக் கஞ்சித்தண்ணீரில் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் ஏற்றி, நல்லெண்ணெய் விட்டு, வெங்காயத்தால் அழுத்தித் தேய்த்தார். அது கறுப்பாய்ப் பளபளத்தது. அடுத்து அலகைப் பார்த்தார்.

பழவேற்காட்டில், என் பிறந்த வீட்டில், எங்கள் அம்மா மீன் கவிச்சி போகட்டும் என்று அரிவாள்மணையை ஒரு தடவை நெருப்பில் போட்டு எடுத்தார். அதற்கப்புறம் அது தக்காளியைக்கூட நசுக்கத்தான் செய்தது. தீ பட்டால் கூர் நிற்காது. சொல்ல வேண்டியதுதானே? உப்பு போதுமா என்பதைத் தாண்டி மாமியாரிடம் நான் பேசியதே இல்லை. அவர் எதிரில் புருஷனோடு பேசுவதோ, எங்கள் வீட்டில் புது மருமகள் செய்கிற காரியமில்லை. அதனால் அவர் இன்னொரு வெங்காயம் நறுக்கத் திரும்பியபோது அலகை எடுத்து, பித்தளை தேய்க்கக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீர்ச் சட்டியில் போட்டு மூடிவிட்டேன். மாமியார் சாக்கில் தேடினார். ஏற்கெனவே அடுப்பில் போட்டுவிட்டோம் போல என்று சாம்பலைக் கிளறினார். அப்புறம் விட்டுவிட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தீட்டும் கல்லோடு வந்தார்.

"யம்மா, இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற?"

"பழக்கி வச்சிக்கீறேன். இனிமே துருவே ஏறாது."

"பிளேடு எங்க?"

"அடுப்புல போட்டேன் போலக்கீது. சாம்பல்ல காணோம்."

என் வீட்டுக்காரர் அடுப்பு முன்னால் குந்திச் சாம்பலைக் கையால் துழாவினார். விடிந்தால் திங்கள். பக்கத்து வீட்டம்மாள் வேறு சுவருக்கு மேலே தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளித்தண்ணில கீது" என்றேன்.

எவ்வளவு சின்னக் குரல் என்றால், அடுப்புதான் பேசியதோ என்று எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய்ச் சட்டியைத் திறந்தார். துரு கழன்று அலகு வெளுத்திருந்தது. மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஊமச்சின்னுல்ல நெனச்சிகினு இருந்தேன். தமிழு தெரியுமாடி ஒனக்கு?" என்றார். முதலில் சிரித்தது பக்கத்து வீட்டம்மாள்தான்.

மறுநாள் வேலை கிடைத்துவிட்டது என்று அவர் வாயால் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மரச் சுருளை எடுத்து என் உள்ளங்கையில் விரித்தார். கைரேகை அதன் வழியே தெரிந்தது. மேஸ்திரி பலகையைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாராம். அப்புறம் குனிந்து மோந்து பார்த்து, "இன்னாபா, பலக மேல தோச ஊத்துனியா?" என்றாராம். ஷெட்டில் என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரை தோசைக்கல் என்றுதான் பேர். இழைக்க இழைக்க அடி சூடேறும், வெங்காய வாசனை கிளம்பும். அவர் சட்டையிலும் அது இருக்கும். துவைக்கிற எனக்குத் தெரியாதா?

இப்போது மாமியார் இல்லை, அவரும் இல்லை. அந்த ஷெட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். இழைப்புளியை மகன் வார்னிஷ் அடித்து டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். எடுத்து மோந்தேன், வார்னிஷ்தான் அடித்தது. கையிலிருந்த அரை வெங்காயத்தை அதன் அடியில் தேய்த்தேன்.

"அத்தே, கல்லு இங்க கீது" என்றாள் மருமகள் சமையல்கட்டிலிருந்து. தெரியும் என்றேன்.

மறுபடி மோந்தேன். வெங்காயம் மணத்தது, ஆனால் அந்த வாசனை இல்லை. அதற்கு இரும்பு சூடாகியிருக்க வேண்டும். அடுப்புச் சூடு இல்லை, அவர் இழைக்கிற சூடு.