சாடியில் ஓடியவள்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியில் பெரியவர்களின் ஓட்டங்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. ஆண்களுக்கு வெற்றிக்கிண்ணம், பெண்களுக்குச் சமையல் சட்டி. பல வருடங்களாக அப்படித்தான் வாங்கினேன். அதில் பிழை இருப்பதாகத் தோன்றியதே இல்லை.

போன வருடம் பெண்களின் நூறு மீற்றரில் முதலாவதாக வந்தவர் சுகந்தி. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். நான் நீட்டிய சட்டியை அவர் வாங்கவில்லை.

"அண்ணை, எனக்கும் கப் தாங்கோ."

மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவில் கொப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் கண்ட ஒன்றை எடுத்துச் சொன்னேன். "அந்தக் காலத்துக் கிரேக்கத்திலை ஓடி வெண்ட ஆக்களுக்கு எண்ணெய்ச் சாடிதான் பரிசு, தங்கச்சி. அவை ஒருத்தரும் கப் கேக்கேல்லை."

"ஓம் அண்ணை, நானும் அந்தச் சுற்றுலாவுக்கு வந்தனான்," என்றார் அவர் அமைதியாக. "அந்தச் சாடியிலை ஓடுற ஆக்களின்ரை படம் கீறியிருந்தது. உங்கடை சட்டியிலை என்ன கிடக்கு?"

நான் சட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

இந்த வருடம் கிண்ணமும் இல்லை, சட்டியும் இல்லை. வென்ற எல்லோருக்கும் மண்சாடி. ஒவ்வொன்றிலும் ஓடும் உருவத்தை நானே கறுப்பு மையால் கீறி, ஒலிவ் எண்ணெய் நிரப்பினேன். பெண்களின் சாடியில் ஓடுபவளுக்குப் பின்னல் பறந்தது.

மறுபடியும் சுகந்திதான் முதலாவது. சாடியை அவர் தலைக்கு மேல் தூக்கியபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. என் கைகள்தான் கடைசியாக ஓய்ந்தன.

அவர் வாங்க மறுத்த சட்டி என் குசினியில் இருக்கிறது. அதில் இப்போது கறி காய்ச்சுவது நான்தான்.