ஒரு விரல் கூடுதல்

சுதர்ஷினிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதும் குதிகால் தாளம் போடும். முதுகில் கூடை ஆடுவதைப் பார்த்து மேல் நிரையில் நிற்கும் பெண்கள், "அடியே, கொழுந்துக்கு மயக்கம் வந்துறப்போகுது" என்பார்கள். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அங்கே தாக்குப்பிடிக்காமல் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துக்கே திரும்பி, அம்மா பெரியாயியோடு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் போட்டுக்கொண்டாள். மனம் மட்டும் லயத்தின் ஒற்றை அறைக்குள் அடங்கவில்லை.

அதனால்தான் ஓட்டோ ஓட்டும் ரமேஸ் கல்யாண வீடுகளில் ஆட ஒரு குழு சேர்த்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். வேலை முடிந்ததும் தோட்டத்து மண்டபத்தில் ஒத்திகை. அந்த நேரத்துக்காகவே பகலைத் தள்ளினாள்.

சனிக்கிழமை பதுளையில் முதல் கல்யாணம். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சிவப்புச் சப்பாத்து வாங்கிவர ரமேஸ் கிளம்பினான். "கால் நம்பர் சொல்லுங்க" என்றான். அதை யார் கண்டது? டவுனுக்குப் போகிற ஆளிடம் பிள்ளையின் கால் நீளத்துக்கு ஈர்க்குக் குச்சியை வெட்டிக் கொடுத்தனுப்புவதுதான் லயத்து வழக்கம். சுதர்ஷினியின் ஈர்க்கைப் பெரியாயி வெட்டிக் கொடுத்தாள்.

புதுச் சப்பாத்து வந்த அன்றைய ஒத்திகையில், முதல் சுற்றிலேயே சுதர்ஷினியின் வலது சப்பாத்து கழன்று பறந்து ஸ்பீக்கர் பெட்டியில் மோதியது. எல்லோரும் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றான் ரமேஸ். சுதர்ஷினி பஞ்சு வைத்துப் பார்த்தாள். அப்போதும் பாதம் உள்ளே வழுக்கியது. "வெள்ளிக்கிழமை சரியான சப்பாத்தோட வா. இல்லாட்டி கலாராணியை நிறுத்திடுவேன்" என்றான் அவன்.

ஒத்திகை பார்க்க வந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கலாராணி, எல்லா அடவையும் ஏற்கனவே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள். "ஈர்க்கைச் சரியாத்தானே வெட்டுன?"

"ஒரு வெரல் கூட வச்சு வெட்டுனேன். அடுத்த வருசத்துக்கும் ஆகணும்ல?"

"எனக்கு இருபத்திரண்டு வயசும்மா. இனி எந்தக் காலு வளரப்போகுது?"

பெரியாயி யோசித்தாள். "கை தானா வெட்டிருச்சுடி" என்றாள்.

மறுநாள் பெரட்டுக்குப் போகாமல், பெரிய சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடமிருந்தும் பதுளை வரைக்கும் நின்றுகொண்டே போனாள். கடைவீதியில் ரமேஸ் சப்பாத்து வாங்கிய கடையை நடத்தும் ஜெனீரா, அதே சிவப்பில் சின்னதை எடுத்துத் தந்தாள். சுதர்ஷினி உட்கார்ந்தபடியே காலை நுழைத்தாள். பித்தவெடிப்பும் அட்டை கடித்த தழும்பும் யார் கண்ணிலும் படுமுன் மூடிவிடும் அவசரம்.

"சரியா இருக்குங்கக்கா."

"உக்காந்திருந்தா எல்லாச் சப்பாத்தும் சரியாத்தான் இருக்கும் மகள். எழும்பி, முன்விரல்ல நில்லுங்க."

நின்றாள். சுண்டுவிரல் எரிந்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஜெனீரா குனிந்து சப்பாத்தின் பக்கவாட்டை அழுத்திப் பார்த்துவிட்டாள்.

"நீளம் பொருந்துது, அகலம் பத்தல்ல. மலை ஏறி எறங்குற காலு, விரல் விரிஞ்சு நிக்குது. சிவப்புல இதவிட அகலம் இல்ல."

"இறுக்கிப் போட்டுக்குறேனே?"

"போடலாம். ரெண்டாவது பாட்டுல நொண்டுவீங்க."

கறுப்பில் அகலமாக ஒன்று இருந்தது. வாரை இழுத்துக் கட்டியதும் குதிகால் உள்ளே அசையவில்லை. விரல்கள் முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. கடைக்குள்ளேயே சுழன்று பார்த்தாள். சப்பாத்து காலோடு வந்தது. ஆனால் கறுப்பு.

ரமேஸுக்கு ஃபோன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. ஒரு கையில் சிவப்பும் ஒரு கையில் கறுப்புமாகக் கண்ணாடிக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

"எதையாச்சும் எடுங்க மகள், எனக்குத் தலை சுத்துது" என்றாள் ஜெனீரா.

பெரிய சிவப்பைக் கொடுத்துக் கறுப்பை மாற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரமேஸ் அதைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "எல்லாரும் செவப்பு, நீ மட்டும் கறுப்பு. நாம என்ன எழவு வீட்டுக்கா போறோம்?"

"சிவப்புல ஆட ஏலாதுண்ணே. இதுல ஆடுறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

அவனிடம் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. பாட்டைப் போட்டான். சுவரோரம் இருந்த கலாராணி எழுந்து நின்றாள்.

பாட்டு முடிந்ததும் ரமேஸ் சிவப்பு வரிசையையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தான். சுதர்ஷினி சப்பாத்தின் வாரைக் கழற்றி, மறுபடி கட்டினாள்.

"பின் வரிசையில, ஓரத்துல நில்லு" என்றான் கடைசியில். "நடுவுல வேற ஒருத்தியை விடுறேன்."

நடு இடம் அதுவரை அவளுடையது. கலாராணி மெல்லத் திரும்ப உட்கார்ந்தாள். சுதர்ஷினி பின்னால் போய் நின்று கையை விரித்துப் பார்த்தாள். எவர் மேலும் இடிக்கவில்லை.

"பாட்டைப் போடுங்கண்ணே" என்றாள். "இன்னும் என்ன பாக்குறீங்க?"