வேலி போன முற்றம்

1957ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்து ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் எங்கள் வீட்டின் முன்வேலி போய்விட்டது. ஆண்டில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் கடைசியில்தான் பெருவெள்ளம் வந்தது.

கல்முனையில் அது என் மனைவிக்குச் சீதனமாக எழுதிய வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான்தான் அங்கே வந்து குடியேறியவன். மாமாவும் மாமியும் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். அங்கே மாமாவைத் தேடி நெல் வியாபாரிகள் எந்நேரமும் வருவார்கள். முன்புறம் தெருவை மறைத்து ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேலி. அதற்குள் ஒரு மருதோன்றி மரம், மல்லிகை, கீரைப் பாத்தி. பகலில் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் என் மனைவி வெயில் படும்படி நிற்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அந்த வருடம் மாமா பழைய கறுப்புக் கார் ஒன்று வாங்கினார். தெருவில் நிறுத்தினால் ஆடுகள் அதன்மேல் ஏறிப் படுத்தன.

"ஆட்டுக்குக் கட்டில் வாங்கிக் குடுத்திருக்கன்," என்று அவரே சிரிப்பார்.

ஒரு காலை எங்கள் விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். "மருமகன், வேலியப் பிரிச்சி, மரத்தையும் எடுத்திட்டா கார் உள்ளுக்கு நிக்கும். முத்தம் முழுக்கச் சீமெந்து போடுவம். என்ன சொல்றீங்க?"

வீடு என்னுடையதல்ல. சொல்லக்கூடியதைச் சொன்னேன். "வேலி இல்லாட்டி இவவுக்கு வெளியால வர இடமில்லையே மாமா."

"அவட வளவுதானே, அவவே சொல்லட்டும்." கதவுப் பக்கம் திரும்பினார். "மகள், உனக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லு. வாப்பா கார வித்துப் போடுறன்."

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். கதவுக்குப் பின்னால்தான் அவள் நின்றாள். தனக்காக வீட்டையே விட்டுக்கொடுத்த தகப்பனிடம் காரை விற்கச் சொல்ல எந்த மகளுக்கு வாய் வரும்?

"உங்கட விருப்பம் வாப்பா," என்றாள்.

எனக்கு மிஞ்சியது சீமெந்தைப் பற்றிய வாதம் மட்டும். மாரி மழை அதில் வழிந்து வீட்டுக்குள் வரும். மணல் பரப்பி, விரல் நுழையும் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கினால் நிலமே தண்ணீரைக் குடித்துவிடும் என்றேன். எப்போதோ வாசித்தது. மாமா உடனே ஒப்புக்கொண்டார். கல் பதிக்க வந்த மேசனிடம் என்னைப் பற்றிப் பெருமையும் பேசினார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் அயல்வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போல் கைக்கு அரைத்துப் போட மருதோன்றி இலை பறிக்க வந்தார்கள். மரம் நின்ற இடத்தில் கார் நின்றது.

"ராத்தா, மரம் எங்க?" என்று ஒருத்தி கூப்பிட்டுக் கேட்டாள்.

"கார் திண்டுட்டு புள்ள," என்றாள் என் மனைவி, கதவுக்கு உள்ளே இருந்து. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெருவெள்ளத்தில் என் இடைவெளிகள் எதற்கும் உதவவில்லை. எல்லா வீடுகளையும் போல எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஆனால் அது வடிந்த பிறகு பெய்த மழைகளில் தெருவெல்லாம் குளமாகக் கிடக்க, எங்கள் முற்றம் மட்டும் சீக்கிரம் காய்ந்தது. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மாமா கற்களின் மேல் நடந்து காட்டினார்.

"மகள், வந்து பாரு! ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல்ல!"

முற்றம் நிறைய ஆண்கள் நின்றார்கள். நானும் அவர்களில் ஒருவனாக நின்றேன்.

"இஞ்ச இருந்து பாக்கிறன் வாப்பா," என்று ஜன்னலுக்குள் இருந்து குரல் வந்தது. ஜன்னலின் ஒரு கதவு விரலளவு திறந்திருந்தது.