அவள் அளக்காத வலப் பக்கம்

என் தங்கை இருதய ஸ்கேன் எடுப்பவள். நான் தையல்காரன், எட்டாவதோடு நின்றவன். அவள் எடுத்த படம் சரியில்லை என்று எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. அளவு கொடுக்க வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வேலை. மாடி வீட்டுக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவார்.

“என்னங்க, அங்கேயே குடித்தனம் வைக்கப் போறீங்களா?” என்று மேலிருந்து கேட்பாள் தங்கை.

“வாடகை கம்மின்னா சரி,” என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஒருநாள் அவள் மறந்துபோன சாப்பாட்டைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவரைப் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்தாள். உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இடப் பக்கத்தை அளந்தாள், குறையே இல்லை. நுரையீரலுக்கு அனுப்பும் வலப் பக்கத்தைப் படம் மட்டும் பிடித்துவைத்தாள்.

“இருதயம் குதிரை மாதிரி ஓடுது. சோம்பேறித்தனத்தைப் பார்க்க இங்க மெஷின் இல்ல.”

வீட்டில் எங்களிடமும் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அதன்பிறகு மூச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி, வலப் பக்கம் ஓய்ந்துவிட்டதாம்.

பிறகுதான் அவள் ஆஸ்பத்திரி மெஷினில் புது வசதி வந்தது. படத்தில் வலப் பக்கச் சுவரைக் கோடிட்டுக் காட்டினால், துடிக்கும்போது அந்தத் தசை நூற்றுக்கு எவ்வளவு சுருங்குகிறது என்று சொல்லும். இலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பார்ப்போமே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். பழைய படத்திலும் அளக்கலாம் என்றதும் அவர் படத்தைத் திறந்திருக்கிறாள். இருபதுக்கு மேல் இருக்க வேண்டியது, பதின்மூன்று.

“அப்பவே தெரிஞ்சிருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொல்றார், அண்ணா.”

“அப்புறம் என்ன பாப்பா?”

“நம்பர் கிடக்கட்டும். மூச்சு முட்டுதுன்னு நின்ன மனுஷனைச் சோம்பேறின்னேனே. திரையில அவர் இருதயம் அது பாட்டுக்குத் துடிச்சுக்கிட்டே இருக்குண்ணா.”

துணியாக இருந்தால் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

இப்போது மூச்சு வாங்குகிறது என்று யார் வந்தாலும், டாக்டர் கேட்காமலே வலப் பக்கத்தையும் அளக்கிறாள். வெளியே வரிசை நீள்கிறது, திட்டு வாங்குகிறாள்.

போன வாரம் அவள் வீட்டுப் படியில் பாதியில் நின்றேன். கேலி வரும் என்று பழக்கத்தில் நிமிர்ந்தேன். ஓடி இறங்கி வந்தாள்.

“செருப்பு வார் அறுந்துடுச்சு பாப்பா, அவ்வளவுதான்.”

“அறுந்தா அறுந்துட்டுப் போகுது. உக்காரு. மூச்சு வாங்குதா?”

இல்லை என்றேன். நம்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.