கூரைமேல் நாலு மூட்டை

நான் குடியிருக்கும் வீட்டின் கூரையைக் காலையில் எழுந்ததும் கையால் தள்ளித் திறக்க வேண்டும். இதை ஃபோனில் சொன்னபோது மரக்காணத்தில் இருக்கும் என் சித்தி, "வீட்ல இருக்கியா, பொட்டில இருக்கியாடி?" என்று கேட்டார். இரண்டும்தான் சித்தி. நியூசிலாந்தின் தென்தீவில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் கேம்ப் மைதானத்தில், ஒரு வேனுக்குள் நானும் என் கணவன் அருளும் குடியிருக்கிறோம். என்னைவிட வயதில் மூத்த வேன் அது. அதன் இரும்புக் கூரையை யாரோ ஒரு காலத்தில் வெட்டியெடுத்துவிட்டு, ஃபைபர் கிளாஸில் செய்த மூடியைப் பொருத்தியிருக்கிறார்கள். கொக்கியை விடுவித்துத் தள்ளினால் மூடி மேலே எழும்பும். சுற்றிலும் மடிந்து கிடக்கும் கேன்வாஸ் துணி விரிந்து சுவராகும். நிமிர்ந்து நின்று தோசை ஊற்றலாம். இழுத்து மூடிக் கொக்கி மாட்டினால் மறுபடியும் வண்டி. இந்த வகைக்கு இங்கே 'பாப்-டாப்' என்று பெயர்.

ஏன் வேன் என்று கேட்பவர்களுக்கு: அருளுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை, எனக்குப் பழம் பொதியும் கூடங்களில் இயந்திரப் பராமரிப்பு. பருவம் மாறினால் ஊர் மாறும். வேலை போகிற இடத்துக்கெல்லாம் வீடும் கூடவே வரட்டும் என்று, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இதை வாங்கினோம். மெக்கானிக்கல் படித்த எனக்கு இதில் தனிக் குஷியும் உண்டு. வேறு யாருக்குத் தன் வீட்டைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்க்கக் கிடைக்கும்?

குளிர்காலம் முழுக்கக் கூரையைத் திறக்கவில்லை. கேன்வாஸ் வழியாகக் குளிர் ஊசி மாதிரி இறங்கும் என்பதால், மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கி, கீழேயே குனிந்து நடந்து காலத்தை ஓட்டினோம். அக்டோபரில் வெயில் எட்டிப் பார்த்ததும் மேலே இருந்த மூட்டைகளை இறக்கி, தார்ப்பாயை அவிழ்த்து, ஆசை ஆசையாகக் கூரையைத் தள்ளினேன். எழும்பியது. ஆனால் நடுவில் தொய்ந்து, படுத்திருக்கிற மாட்டின் வயிறு மாதிரி உள்ளே இறங்கியிருந்தது. கேன்வாஸ் விறைப்பில்லாமல் சுருங்கித் தொங்கியது. இழுத்து மூடினால் பின்பக்கக் கொக்கி மாட்டவே இல்லை.

"கொக்கிதான பழசு, மாத்திக்கலாம்" என்றான் அருள்.

"கொக்கி இல்ல அருளு. பாடி வளைஞ்சிருந்தா?"

என் பயம் அதுதான். கூரையை வெட்டிய வண்டிக்குப் பலம் குறைவு. பழசாகும்போது வெட்டிய வாயைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டம் விரிந்துகொடுக்கும். அதோடு சேர்ந்து மூடியும் தொய்யும். அடுத்த வாரம் வண்டிக்குத் தகுதிச் சோதனை. சட்டம் விரிந்திருந்தால் தேறாது. தேறாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது, திருத்தவும் கட்டுபடியாகாது. காயலான் கடைதான். வீடு ஒரே நாளில் இல்லாமல் போகும்.

அழுவதற்கு முன்னால் ஆராயலாம் என்று இறங்கினேன். முதல் சந்தேகம் கூரையைத் தாங்கும் தண்டுகள்மேல். அவற்றில் ஒன்று சோர்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் சாயும். இங்கே நாலு மூலையும் ஒரே உயரத்தில் நின்றன. அடுத்து, கூரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூலை இழுத்துக் கட்டினோம். ஓரங்கள் நேர், நடு மட்டும் இரண்டு விரல் கீழே. பிறகு பக்கக் கதவை இழுத்துப் பார்த்தேன். சட்டம் விரிந்த வண்டியில் கதவு எங்காவது உரசும். இது வழுக்கிக்கொண்டு போனது. கடைசியாக வெட்டிய வாயின் மூலைக்கு மூலை கயிறு பிடித்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. அருள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "என்ன, பொழைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். எலும்பு முறியவில்லை, சதைதான்.

அப்படியானால் மூடிக்குள் என்ன? நாணயத்தால் உள்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டக் டக்'. நடுவில் ஓர் இடத்தில் 'தொப்'. உள்ளே குறுக்காக ஒட்டியிருக்கும் மரப்பட்டி ஒன்று பசை விட்டுப் பிரிந்திருந்தது. ஏன் பிரிந்தது என்பதுதான் புரியவில்லை. கூரையை மூடிவிட்டு ஏணி போட்டு மேலே பார்த்தால் இன்னும் விசித்திரம். நடுத் தொய்வுக்குள், வரிசை பிடித்த மாதிரி நாலு குழிகள், ஒவ்வொன்றிலும் பனித்தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வேனில் இருக்கும் மார்கரெட் எலுமிச்சைக் கேக்கோடு வந்தார். ஓய்வு பெற்றவர், நாயோடு தனியாக ஊர் சுற்றுகிறார். ஏணியில் நின்ற என்னிடம் தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. உங்க நோன்பு முடிஞ்சிடுச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்ன நோன்பு?"

"குளிர்காலம் பூரா கூரைமேல மூட்டை வச்சிருந்தீங்களே. உங்க மத வழக்கம்னு நெனச்சேன். கேக்கறது மரியாதையில்லன்னு விட்டுட்டேன்."

நான் குழிகளைப் பார்த்தேன். நாலு குழி. நாலு மூட்டை. கீழே அருள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நம்ம ஊரு சர்ச் ஃபாதர் கேட்டா செத்துடுவாரு ஜெனி! மூட்ட நோன்பு!"

நாங்கள் அந்த மூட்டைகளைச் சந்தேகிக்கவே இல்லை என்பதை ஊர்க்காரர்கள் நம்புவார்கள். மரக்காணத்தில் எங்கள் தெருவில் ஐப்பசி வந்தால் கூரைமேல் மணல் மூட்டை ஏறும். நான் பள்ளியில் படித்தபோது ஒரு புயல் எங்கள் சமையலறைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், மழைநீர் நிறைந்து பாத்தியும் வரப்பும் தெரியாத உப்பளத்தின் நடுவில் அது நட்டுவைத்த பலகைபோல் நின்றுகொண்டிருந்தது. அப்பாவும் மாமாவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி வந்தார்கள். உப்பளத்தில் குவித்த உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாயால் மூடி மூட்டை வைத்து அழுத்துவது அப்பாவின் வேலை. அன்றிலிருந்து வீட்டுக்கும் அதே வைத்தியம். இங்கே ஜூனில் பெருங்காற்று எச்சரிக்கை வந்தபோது, அவர் ஃபோனில் சொல்லச் சொல்ல அருள் மணலை அள்ள, நான் சாக்கைப் பிடித்தேன். மூட்டை எங்களுக்குப் பாரம் அல்ல, பத்திரம். உள்ளே தேன்கூடு மாதிரி லேசாகச் செய்த மூடிமேல் மாதக்கணக்கில் ஈர மணலை ஏற்றி வைத்துவிட்டு, சட்டத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

எங்கள் தெருவாக இருந்தால் மூட்டை ஏறிய அன்றே, "ஏம்பா, அது தாங்குமா?" என்று நாலு பேர் குரல் கொடுத்திருப்பார்கள். அடுத்தவர் வீட்டுக் கூரை அங்கே எல்லோருக்கும் பொதுக்கவலை. இங்கே கேட்காமல் இருப்பது மரியாதை. மார்கரெட் அந்த மரியாதையைக் குளிர்காலம் முழுக்கச் சுமந்திருக்கிறார், பாவம். நான் விளக்கியதும் கன்னம் சிவந்து, "அடுத்த தடவ கேட்டுடறேன்" என்றார். கட்டாயம் கேளுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

பிறகு எல்லாம் சுலபம். கூரையை வெயிலில் காயவிட்டோம். உள்ளே பலகை கொடுத்து, கீழே கட்டை முட்டுக்கொடுத்து, ஒரேயடியாக இல்லாமல் நாளுக்குக் கொஞ்சமாக உயர்த்தினோம். தொய்வு நிமிர்ந்ததும் மரப்பட்டியின் இடுக்கில் பசையை ஊற்றி இறுக விட்டோம். கொக்கி 'க்ளிக்' என்று மாட்டிய சத்தத்துக்கு இரண்டு பேரும் கைதட்டினோம். சோதனைக்காரர் கதவுகளை ஆட்டி, அடியில் புகுந்து பார்த்துவிட்டு, கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தேறியது.

நவம்பரில் ஒரு நாள் மாலை அப்பா வீடியோவில் வந்தார். அங்கே வங்கக் கடலில் புயல் சின்னம்; இங்கேயும் மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கூரையில் சாய்த்த ஏணியில் நின்றார். அம்மா கீழிருந்து ஃபோனைப் பிடித்திருந்தார்.

"சத்தம் கேக்குதே, காத்தா? மூட்ட ஏத்திட்டீங்களாம்மா?"

"இதுக்கு மூட்ட ஆகாதுப்பா. கொக்கி மாட்டினா போதும், அதுவே தாங்கிக்கும்."

அப்பா ஏணியில் இன்னொரு படி ஏறினார். பிறகு, "மேல கனமே இல்லாம எப்படிம்மா தூக்கம் வருது?" என்றார்.

நன்றாகவே வருகிறது என்றேன், பொய்யில்லை. அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி, மாமா எடுத்துக் கொடுத்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தகரத்தின்மேல் இறக்கினார். ஒவ்வொன்று இறங்கும்போதும் எனக்கு இங்கே நெஞ்சு ஆறியது. என் தலைக்கு மேலே, மேலே ஒன்றுமில்லாத என் கூரை, காற்றில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.