இருபத்திரண்டு மீட்டர்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்பச் சொல்லிச் சத்தியம் செய்ய எனக்கு வாயில்லை. நான் சர்வேயர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு கண்மாய். பெயர் வேண்டாம், பக்கத்தில் குடித்தனங்கள் இருக்கின்றன.

கண்மாய் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. ஊருக்குப் பொது. நகராட்சி அதைக் காபந்து பண்ண வேண்டும், அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். நான் எல்லைக்கல்லைப் பிடுங்கி, இருபத்திரண்டு மீட்டர் கண்மாய்க்குள்ளே தள்ளி நட்டேன். சாட்சிக்கு, மடை திறக்கும் வெள்ளத்தாயிடம் கைநாட்டு வாங்கினேன். மடை ரிப்பேருக்கு மனு என்று சொன்னேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டு ரேகை வைத்தார். அந்தக் கும்பிடு இன்னும் என்னைத் தின்கிறது.

வெளியே வந்த நிலம் மனையானது. அதில் ஒன்றை மில் தொழிலாளி அன்சார் வாங்கினார். வீடு கட்டுமுன் அளந்து தரச் சொன்னார்.

போன ஜூன், ஒரு புதன்கிழமை. மணி 12.20. உச்சி வெயில். கண்மாய் வெடித்துக் கிடந்தது. நான் நட்ட கல்லருகே டேப் டப்பாவோடு நின்றேன். உதவியாளர் சோலைராஜ் நுனியைப் பிடித்துக்கொண்டு மனைப்பக்கம் கருவேலம் புதருக்குள் போனார். மனை பன்னிரண்டு மீட்டர். அங்கே டேப் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

பதினான்கு... பதினெட்டு... சரசரவென்று போய்க்கொண்டே இருந்தது.

"போதும், சோலைராஜ்."

இருபது... இருபத்தொன்று...

இருபத்திரண்டில் நின்றது.

புதருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"கல்லு இங்கனதான இருந்துச்சு, அய்யா."

திரும்பினேன். சோலைராஜ் எனக்குப் பின்னால், கரைமேல் பைக்கருகே நின்றார். போன் வந்ததால், நுனியைக் கிளையில் மாட்டிவிட்டு அப்போதே வந்துவிட்டாராம்.

டேப்பைச் சுருட்டினேன். ஈரம்... சேறு... மணி 12.31.

வெள்ளத்தாய் எங்கே என்று சோலைராஜிடம் கேட்டேன்.

"அவிய போன ஆடியிலயே செத்துட்டாவளே சார்."

அன்சார் எனக்காகச் சர்பத் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட வரும். சரியாக இருக்கிறது என்றேன். கையெழுத்தும் போட்டேன். பேயின் குரலைக் கேட்ட பிறகும் பொய் சொன்ன பாவி நான்.

நவம்பரில் மழை கொட்டியது. ஒருநாள் காலை 5.50க்குத் தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்தது. அன்சாரின் புது வீடு சரிந்துவிட்டது என்று செய்தி. அவர் நைட் ஷிப்டில் இருந்தார். உள்ளே மனைவி ஹாஜராவும் இரண்டு பெண் குழந்தைகளும்...

ஓடினேன். மூவரும் பள்ளிக்கூடத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் அழுதேன்.

ஹாஜராதான் சொன்னார். ஐந்தரைக்கு ஒரு வயசான அம்மா கதவைத் தட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொன்னாராம்.

"தண்ணி வரும்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன் சார். 'சர்வேயர் அய்யாவுக்கும் தெரியும். அவரு சொல்லமாட்டாரு, அதான் நான் வந்தேன்'னாவ."

பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஒங்களுக்கு என்ன சார் தெரியும்?"