படிவத்தின் முதல் கேள்வி

தஞ்சாவூர் நகரத்துக்குப் பொதுச் சைக்கிள் திட்டம் வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம், அவ்வளவுதான் திட்டம். எங்கெங்கே நிலையம் வைப்பது என்று தீர்மானிப்பது என் வேலை. அந்த வேலையை நான் பிசகாகச் செய்துகொண்டிருந்த மாதங்களில், என் அப்பா குடலில் புற்றுநோயோடு, எனக்குத் தெரியாமல், இதே ஊருக்கு வைத்தியத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

நிலையம் வைக்க வேண்டுமானால் யார் எங்கே போகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு படிவம். வேறொரு நகரத்துக்குத் தயாரித்ததை வாங்கி அப்படியே தமிழில் போட்டேன். முதல் கேள்வி, 'எங்கே செல்கிறீர்கள்?' பூதலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்ன மாதிரியான கேள்வி என்று தெரியாதா? எங்கள் வீட்டில் யாராவது கிளம்பும்போது எங்கே என்று கேட்டுவிட்டால், மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். கேட்டே தீர வேண்டுமென்றால் 'தூரமா?' என்று இழுப்போம். மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். இந்த மாதிரி சகுனத்துக்கெல்லாம் படிவத்தில் இடம் கொடுக்க முடியாது என்று நினைத்தேன். திமிர்தான்.

கணக்கெடுப்புக்கு மகளிர் குழுவிலிருந்து இரண்டு அக்காக்கள் வந்தார்கள். காலையில் ரயிலடியிலும் பழைய பேருந்து நிலையத்திலும் நின்று கேட்டார்கள். மூன்றாவது நாளே ஒரு அக்கா படிவக்கட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "மேடம், கேள்விய மாத்துங்க. ஒருத்தரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. கெளம்பறப்பவே எங்கேன்னு கேட்டா போற காரியம் உருப்படுமான்னு ஒரு அம்மா புடிச்சித் திட்டிட்டாங்க" என்றார்.

"எழுதியிருக்கறத கேளுங்கக்கா, போதும்" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும். அவர் படிவக்கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

கட்டுக் கட்டாகப் பதில் வந்தது. சும்மா. இங்கதான். பக்கத்துல. இப்படியே போயிட்டு வரேன். நான் அதையெல்லாம் சேர்த்து 'குறைந்த தூரம், கடைவீதி' என்று ஒரே தலைப்பில் போட்டேன். வரைபடத்தில் பெரிய கோயிலைச் சுற்றியும் நான்கு ராஜ வீதிகளிலும் கீழவாசலிலும் புள்ளிகள் விழுந்தன. பார்க்க அழகாக இருந்தது. ரயிலடியிலிருந்து தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

அக்காக்களுக்குக் கேட்கத் தெரியவில்லை, நானே கேட்டுக் காட்டுகிறேன் என்று ஆவணியில் ஒருநாள் ரயிலடிக்குப் போனேன். பாசஞ்சர் வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் அப்பா. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை. எனக்குத் தெரிந்து, என்னிடம் சொல்லாமல் அவர் தஞ்சாவூர் வந்ததே கிடையாது. அதை யோசித்திருக்கலாம். எனக்கோ அவரைப் பார்த்த சந்தோஷம். அதோடு ஒரு படிவமும் நிரம்பப்போகிறது. பேனாவைத் திறந்துகொண்டே, "எங்கப்பா போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். முகம் சுளிக்கவில்லை. "சும்மா இங்கதாம்மா. சம்பாவுக்கு வெத நெல்லு விசாரிக்கணும்."

"வீட்டுக்கு வாங்கப்பா, சாப்பிட்டுப் போகலாம்."

"கஞ்சி குடிச்சிட்டுத்தான் வந்தேன். நீ வேலயப் பாரு பாப்பா."

'கடைவீதி, குறைந்த தூரம்' என்று எழுதினேன். விதைக் கடைகள் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பிடித்தேன்.

கார்த்திகையில், நடவெல்லாம் முடிந்த பிறகு, அவர் ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்தார். எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் அப்பாவின் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். வார்டில் இருந்த நர்ஸம்மா, "மகளா நீங்க? இவ்ளோ நாளா தனியாத்தான வந்துட்டிருந்தாரு" என்று சொல்லி ஒரு அட்டையைக் கொடுத்தார். மருந்து ஏற்றிய நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. நான் ரயிலடியில் நின்ற நாளும் இருந்தது.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தாராம். மருந்து ஏறிய பிறகு டீசல் வாடை பட்டாலே அவருக்குக் குமட்டும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வாந்தி வந்துவிடும். அதனால் ரயிலடியிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே போய், நடந்தே வந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க வாய்க்கால் கரையில் சைக்கிள் மிதித்த மனிதர். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிலையம் இருந்திருந்தால் உட்கார்ந்தாவது போயிருப்பார்.

நோயாளி என்றுகூடப் பார்க்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டேன். "ஏம்ப்பா சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார். "சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கி ஸ்டேஷன்ல பேப்பரும் பேனாவுமா அவ்ளோ சந்தோஷமா நின்னுக்கிட்டிருந்த. கெடுக்க மனசு வரல."

கேள்வியை மாற்றச் சொன்ன அந்த அக்காவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க மேடம்" என்றார். என்ன செய்யலாம் என்றும் அவரே சொன்னார். "போறப்ப கேக்காதீங்க, திரும்பி வர்றப்பக் கேளுங்க. காரியம் முடிஞ்சிருக்கும், சொல்லிடுவாங்க." மாலையில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களிடம் 'எங்கே போயிட்டு வர்றீங்க?' என்று கேட்டோம். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். அண்ணனுக்கு ரத்தம் கொடுக்க. மகளுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க. மாமியாருக்குச் சோறு கொண்டுபோக. காலையில் 'சும்மா' என்று நகர்ந்தவர்களில் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்கள்.

புது வரைபடத்தோடு கூட்டத்துக்குப் போனபோது, "நோயாளி சைக்கிள்லயா மேடம் வருவாங்க?" என்று ஒரு அதிகாரி சிரித்தார். "நடந்து வர்றாங்க சார்" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிலையம் ஒப்புதல் ஆயிற்று. சேலையோடு ஏறுகிற மாதிரி குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளும் கேட்டு வாங்கினேன்.

இன்றைக்கு அதிகம் சைக்கிள் எடுப்பது அந்த நிலையத்தில்தான் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அப்பா அதைக் கேட்க இல்லை. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது போய்விட்டார்.

அதற்கு முன், ஆனி மாதம், நிலையத்தைச் சோதனைக்குத் திறந்திருந்தபோது, ஒருநாள் மருந்து ஏற்றி முடிந்து அவரை வெளியே அழைத்து வந்தேன். கல்லணை திறந்துவிட்டார்கள், மடைக்குத் தண்ணீர் வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வரிசையாக நின்ற சைக்கிள்களைக் கண்டதும் நின்றார்.

"இதானா ஒன்னோடது?"

என் போனைக் காட்டி ஒன்றை விடுவித்துக் கொடுத்தேன். பெல்லை அடித்துப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். ஏறுவதற்குக் காலைத் தூக்கினார், முடியவில்லை. கம்பி இல்லாத வண்டிதான், அப்படியும் முடியவில்லை. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரில் ஊன்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி மதில் ஓரமாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அடுத்த கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. முகம் மலர்ந்திருந்தது.

"நல்லாருக்கு பாப்பா. முன்னாடியே வச்சிருந்தா எனக்கும் ஒதவியிருக்கும்" என்றார். மனதார, பாராட்டித்தான் சொன்னார்.